மாங்குளத்துப் பச்சோந்தியும் ஒரு மாதச் சம்பளமும்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து என் பெறாமகன் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். வழக்கமாக அவன் எழுதும் மடல்களில் அரசியல் இருக்கும். அல்லது ஊர்க் காணி பற்றிய விசாரிப்பு இருக்கும். இம்முறை விடயம் வேறு.

"பெரியப்பா, பச்சோந்தி ஒன்று வாங்கி வளர்க்கலாம் என்று யோசிக்கிறேன். எல்லோரிடமும் இருக்கும் சாதாரண வகை வேண்டாம். மடகஸ்காரின் பார்சன் பச்சோந்திதான் வேண்டும். உலகின் மிகப் பெரிய பச்சோந்திகளில் அது ஒன்று. கிடைப்பது அருமை. விலை என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். இதுவரை நான் ஒரு பல்லி கூட வளர்த்ததில்லை. வாங்கலாமா? வன்னிக் காட்டுக்குள் வளர்ந்த உங்களைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?"

கேள்வி சிறிது. ஒரு வரியில் 'வேண்டாம்' என்று எழுதியிருக்கலாம். ஆனால், காரணம் சொல்லாமல் 'வேண்டாம்' என்றால் இளைஞர்கள் கேட்பதில்லை. நாமும் அந்த வயதில் கேட்கவில்லை. அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போயிற்று. எழுத எழுத, இது அவன் ஒருவனுக்கான பதில் மட்டுமல்ல என்று பட்டது. எனவே அதை இங்கே என் வாசகர்களுக்கும் தருகிறேன்.

முதலில் என் சொந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இற்றைக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. என் தகப்பனார் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்தார். அதனால் என் சிறுபிராயத்தின் சில ஆண்டுகள் மாங்குளத்தில் கழிந்தன. கண்டி வீதியும், அதிலிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்குப் பிரியும் வீதியும், 1905இல் முழுமை பெற்ற வடக்கு இருப்புப்பாதையும் சந்திக்கும் இடம் அது. சந்தியில் சில கடைகள், ஒரு தேநீர்க்கடை, நிலையம். அவற்றைத் தாண்டினால் காடு. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் அடர்ந்த உலர்வலயக் காடு. பாலைப்பழ காலத்தில் வீட்டுக்கு வரும் பிள்ளைகளின் உதடுகள் பாலில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் நானும் என் கூட்டாளிகள் இருவரும் தண்டவாளக் கரையோரப் பற்றையில் ஒரு பச்சோந்தியைக் கண்டோம். ஓணானைத் தினமும் காணலாம். பச்சோந்தியைக் காண்பது அருமை. அதனாலேயே அது எங்களுக்கு வேண்டியதாயிற்று. தடியில் ஏற்றிக்கொண்டு வந்து, வெறும் பிஸ்கட் தகரம் ஒன்றின் மூடியில் ஆணியால் துளையிட்டு, உள்ளே விட்டோம். பசிக்குமே என்று வெட்டுக்கிளி பிடித்துப் போட்டோம். தாகம் எடுக்குமே என்று சிரட்டையில் தண்ணீர் வைத்தோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். அந்த வாரம் மாங்குளத்தில் எங்களைவிடப் பெரிய மனிதர்கள் இல்லை.

அது தண்ணீரைத் தொடவேயில்லை. இரவில் தகரத்தின் அடியைப் பிறாண்டும் சத்தம் கேட்கும். ஓடப் பார்க்கிறது என்று நினைத்து மூடியின் மேல் கல் ஒன்றை வைத்தோம். ஒன்பதாம் நாள் காலையில் கண்கள் உள்ளே போய், நிறம் கறுத்து, கிடந்தது. சிரட்டையில் தண்ணீர் அப்படியே இருந்தது.

அந்தத் தண்ணீருக்கு முன்னால் அது தாகத்தால் செத்தது என்பதை நான் அறிந்துகொள்ள முப்பது ஆண்டுகள் சென்றன. பச்சோந்திகள் தேங்கி நிற்கும் தண்ணீரைத் தண்ணீர் என்று பெரும்பாலும் இனங்காண்பதில்லை. இலையில் விழும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கியே குடிக்கின்றன. பெண் பச்சோந்தி முட்டையிடும் வேளை வந்தால் மரத்தைவிட்டு இறங்கி, மண்ணைத் தோண்டி, முட்டைகளைப் புதைத்து மூடிவிட்டுப் போகும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் கூட்டின் அடியைப் பிறாண்டும். முட்டைகள் வயிற்றில் தங்கி அதனாலேயே இறப்பதும் உண்டு. நாங்கள் பிடித்தது பெண்தானா என்று இன்று சொல்ல இயலாது. ஆனால் அந்தப் பிறாண்டல் சத்தத்தின் பொருள் என்னவாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போது, மூடியின் மேல் வைத்த கல்தான் நினைவுக்கு வருகிறது.

நாங்கள் கொடுமைக்காரப் பிள்ளைகள் அல்லர். அந்தப் பிராணியை விரும்பினோம். விரும்பியதைத் தவிர அதைப் பற்றி வேறொன்றும் அறியாதவர்களாக இருந்தோம். ரொறன்ரோவிலிருந்து வந்த கேள்வியின் வேரும் இதுவே என்பது என் எண்ணம்.

இனி அந்தப் பிராணியின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய பாதி மடகஸ்காரில்; மீதியில் பெரும்பகுதி ஆபிரிக்கக் கண்டத்தில். இந்தியாவின் பல பகுதிகளுக்கும் இலங்கையின் உலர்வலயத்துக்கும் சொந்தமானது ஒரேயோர் இனம். அதற்கு 'சீலானிக்கஸ்', அதாவது 'இலங்கைக்குரியது' என்று 1768இல் அறிவியற் பெயர் இட்டவர் வியன்னாவைச் சேர்ந்த லோரென்ரி என்ற இயற்கை ஆய்வாளர். அப்போது இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. கறுவாவும் மிளகும் ஏற்றிச் சென்ற கப்பல்களில் உயிருள்ளவையும் பதப்படுத்தியவையுமாகப் பிராணிகளும் சென்றன. ஆம்ஸ்ரர்டாமில் சேபா என்ற மருந்து வணிகர் துறைமுகத்துக்கு வரும் மாலுமிகளிடம் இத்தகைய பிராணிகளை வாங்கிச் சேர்த்து, 1734 முதல் பெரிய படநூல்களாக வெளியிட்டார். தூரதேசத்து அபூர்வப் பிராணியை வீட்டில் வைத்திருப்பது செல்வத்தின் அடையாளம் என்ற எண்ணம் இணையத்தோடு வந்ததல்ல. அது கப்பலோடு வந்தது.

நம்முடைய மொழியில் அதன் பெயர் பச்சை ஓந்தி. ஓந்தியின் பழைய வடிவம் ஓதி. பாலைத்திணையின் வறண்ட வழியில் முதிய ஆண் ஓதியைக் கண்டு வழிப்போக்கர் நிமித்தம் பார்த்ததைக் குறுந்தொகைப் பாடல் ஒன்று சொல்லும். அதன் மேல் ஏற்றப்பட்ட பழி பிற்பாடு வந்தது. நஞ்சுள்ளது என்றார்கள், கண்டால் தீமை என்றார்கள். நாட்டுப்புறங்களில் அதை அடித்துக் கொல்லும் வழக்கம் இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. உண்மையில் அதற்கு நஞ்சில்லை.

பிறகு அரசியல்வாதிகள் அதன் பெயரைக் கெடுத்தார்கள். கட்சி மாறியவரைப் 'பச்சோந்தி' என்று தலைப்பில் போடாத தமிழ்ப் பத்திரிகை எது? நானும் போட்டிருக்கிறேன். இங்கே ஒரு திருத்தம் வெளியிடக் கடமைப்பட்டுள்ளேன். பச்சோந்தி இடத்துக்கு ஏற்றபடி வேடம் போடும் பிராணி அல்ல. வெப்பநிலை, அச்சம், கோபம், துணை தேடல் ஆகியவற்றுக்கு ஏற்பவே பெரும்பாலும் அதன் நிறம் மாறுகிறது. தோலின் கலங்களில் உள்ள நுண்பளிங்குகளின் இடைவெளியை மாற்றுவதன் மூலம் இது நடைபெறுகிறது என்பதை ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் விளக்கினார்கள். தன் மனநிலையைத் தோலிலேயே எழுதிக் காட்டும் பிராணியை நாம் வேடதாரி என்று ஏசிக்கொண்டிருக்கிறோம். வளர்க்க விரும்புபவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கடையில் அழகாகத் தோன்றும் கடும் நிறம் சில வேளைகளில் அந்தப் பிராணியின் பீதியாக இருக்கலாம்.

இப்போது வணிகத்தின் கதைக்கு வருவோம். இந்த வணிகத்தில் பிழைவிட்டவர்கள் சிறுவர்கள் மட்டுமல்லர் என்பதற்கு ஹவாயில் நடந்தது நல்ல சான்று. 1972இல் அங்குள்ள ஓவாகு தீவின் கனயோகே என்ற ஊரில் செல்லப்பிராணி வணிகர் ஒருவர் கென்யாவிலிருந்து ஜாக்சன் பச்சோந்திகளை அனுமதியுடன் வருவித்தார். ஆண் பச்சோந்தியின் முகத்தில் மூன்று கொம்புகள் உள்ள இனம் அது. வந்து சேர்ந்தவை மெலிந்து, நீர்வற்றிக் கிடந்தன. தேறட்டும் என்று அவர் அவற்றைத் தம் வீட்டுத் தோட்டத்தில் விட்டார். அவை தேறின, தோட்டத்தில் மட்டும் நிற்கவில்லை. இன்று ஹவாயின் பல தீவுகளில் அவை பரவி, அத்தீவுகளுக்கே உரிய பூச்சிகளையும் மரநத்தைகளையும் உண்கின்றன. தொழிலே அதுவாக இருந்த ஒருவருக்கே வந்திறங்கிய பச்சோந்தியைக் கூட்டில் காப்பாற்ற வழி தெரியவில்லை என்பது இதில் கவனிக்கத்தக்கது. 1981இல் கென்யா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது.

அடுத்து மடகஸ்கார். 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அங்கிருந்து பச்சோந்திகள் பெருமளவில் ஏற்றுமதியாயின. பச்சோந்திகள் 1977 முதலே சைட்டிஸ் சாசனத்தின் இரண்டாம் அட்டவணையில் இருந்தன. (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் இச்சாசனம் 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975இல் நடைமுறைக்கு வந்தது.) அனுமதிப் பத்திரத்துடன் விற்கலாம் என்பதே இரண்டாம் அட்டவணையின் பொருள். பத்திரம் இருந்தது; காட்டில் எத்தனை மிஞ்சியுள்ளன என்ற கணக்குத்தான் இருக்கவில்லை. ஆகவே 1995இல், நான்கு இனங்கள் தவிர்ந்த மற்றெல்லா மடகஸ்கார் பெரும் பச்சோந்திகளின் ஏற்றுமதியையும் நிறுத்திவைக்குமாறு சாசனத்தின் நிலைக்குழு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. என் பெறாமகன் ஆசைப்படும் பார்சன் பச்சோந்தி, அந்த நான்கில் ஒன்றல்ல.

அந்த இனத்தின் முட்டை பொரிக்க ஓராண்டுக்கு மேல் ஆகும். இரண்டாண்டு வரை செல்வதும் உண்டு. மெதுவாகப் பெருகும் இனத்தில் ஒன்றை எடுத்தால், அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் வேண்டும். இதற்கு நேர்மாறான உதாரணமும் மடகஸ்காரிலேயே உண்டு. லபோர்ட் பச்சோந்தி என்ற இனம் எட்டொன்பது மாதங்களை முட்டைக்குள் கழிக்கிறது. வெளியே வந்தபின் நான்கைந்து மாதங்களே வாழ்கிறது. மழைக்காலத் தொடக்கத்தில் பொரித்து, இரண்டு மாதத்தில் முதிர்ந்து, இணைந்து, முட்டையிட்டு, ஒரு தலைமுறை முழுவதுமாக மடிந்துவிடுகிறது. 2008இல் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டபோதுதான் உலகம் அறிந்தது. அதற்கு முன்னர், காட்டில் பிடித்த வளர்ந்த லபோர்ட் பச்சோந்தி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். சில வாரங்களில் அது இறந்திருக்கும். என்ன பிழை செய்தோம் என்று அவர் தவித்திருப்பார். தாம் வாங்கியது ஏற்கெனவே முடியப்போகும் ஓர் ஆயுள் என்பதை அவருக்குச் சொல்ல எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

'அபூர்வம்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் செய்தி இதுதான். அபூர்வமான பிராணியைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவு. மலிவான இனத்தை ஆயிரம் பேர் வளர்த்துப் பிழைவிட்டுக் கற்றிருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்கலாம். அரிய இனத்தில் கேட்பதற்கு ஆளில்லை. விலை கூடிய பொருள் தரமானது, நீடித்து உழைக்கும் என்பது சந்தையில் நமக்கு வந்த பழக்கம். கைக்கடிகாரத்துக்கு அது பொருந்தலாம். உயிருக்குப் பொருந்தாது. இங்கே விலை உயர்வதற்குக் காரணம் பெரும்பாலும் அது கிடைக்காமையும், உயிரோடு வைத்திருக்கக் கடினமாயிருத்தலுமே. கடினத்துக்கே கூடுதல் பணம் கொடுத்து, அந்தக் கடினத்தைச் சமாளிக்கத் தெரியாதவர் வாங்குவதை என்னவென்று சொல்வது?

பச்சோந்தி வளர்ப்பில் என்ன கடினம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடித் தொட்டியில் அடைத்தால் காற்றோட்டம் போதாது. தன் விம்பத்தைக் கண்டே மிரளவும் கூடும். வலைக்கூடும் கிளைகளும் உயிருள்ள செடிகளும் வேண்டும். தண்ணீர் துளியாக விழவேண்டும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் கிடைக்காவிட்டால் உடலில் வைற்றமின் டி உண்டாகாது. அது இல்லாவிட்டால் உணவிலுள்ள கல்சியம் எலும்பில் சேராது. கால்கள் வளைந்து, தாடை மென்மையாகி, கிளையைப் பற்றமுடியாமல் விழும். அதனால் அதற்கென்றே செய்த விளக்கு வேண்டும். அதையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். மலைக்காட்டு இனங்களுக்கு இரவில் குளிர் வேண்டும். காட்டில் பிடித்தவையாயின் வயிற்றில் புழுக்களோடு வரும். எல்லாவற்றிலும் கொடியது, நோயை அது மறைப்பது. காட்டில் பலவீனத்தைக் காட்டும் பிராணி இரையாகிவிடும். ஆகவே கடைசிவரை நன்றாக இருப்பதாகவே தோன்றும். நமக்கு நோய் தெரியும் நாளில் அநேகமாகக் காலம் கடந்திருக்கும். தொடக்கக்காரர் பிழையிலிருந்து கற்கிறார் என்பது உண்மை. ஆனால் இந்தப் பாடசாலையில் கட்டணத்தைச் செலுத்துவது வேறோர் உயிர்.

இதெல்லாம் ஆபிரிக்கக் கதை, நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

இலங்கையின் ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் உலகில் வேறெங்கும் இல்லாத ஓணான் இனங்கள் சில உள்ளன. மூக்கில் கொம்புள்ள ஓணான்கள் ஒரு வகை. மூக்கின் மேல் உருண்டைத் திமிலுள்ள, முகத்தில் பச்சையும் மஞ்சளுமான ஓணான் இன்னொன்று. மூன்றாவது, கொப்போட்டிஸ் என்ற குள்ள ஓணான். மெதுவாக நகரும், வாலால் கிளையைச் சுற்றிப் பிடிக்கும், முட்டையிடாமல் குட்டி போடும். பச்சோந்தியின் உறவல்லாவிட்டாலும் பார்த்தவர்கள் பச்சோந்தி என்றே நினைப்பார்கள். கொம்பு ஓணான்களில் இரண்டு இனங்கள் 1998இலும், தும்பறை மலையின் குள்ள ஓணான் 2006இலும்தான் விஞ்ஞானிகளால் பெயரிடப்பட்டன. சில மலைச்சரிவுகளே அவற்றின் மொத்த உலகம்.

1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் இவற்றைக் காக்கின்றன. வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய இலங்கை அனுமதிப்பதில்லை. ஆயினும் 2010களில் இவை ஐரோப்பிய ஊர்வனச் சந்தைகளிலும் இணைய விளம்பரங்களிலும் விற்பனைக்கு வந்தன. சட்டப்படி வெளியேறாத பிராணி எப்படி அங்கே போயிற்று? உல்லாசப் பயணிகளாக வந்தவர்கள் காட்டில் ஓணான்களோடு கைதான செய்திகளைக் கொழும்புப் பத்திரிகைகளில் அவ்வப்போது நாம் படித்திருக்கிறோம். பிடிபடாதவர்களின் கதை அந்த விளம்பரங்களில் இருந்தது. இலங்கையின் மூத்த ஊர்வன ஆய்வாளரான அன்ஸ்லம் டி சில்வாவும் சக ஆய்வாளர் ஒருவரும் இவ்வணிகத்தை ஆராய்ந்து 2019இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

இதில் ஒரு சட்ட ஓட்டை இருந்தது. பிற நாட்டின் சட்டத்தை மீறி எடுக்கப்பட்ட வனவிலங்கை வாங்குவதும் விற்பதும் அமெரிக்காவில் லேசி சட்டத்தின்படி குற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய பொதுச் சட்டம் இருக்கவில்லை. சைட்டிஸ் அட்டவணையில் இல்லாத பிராணி எல்லையைத் தாண்டிவிட்டால், அதன்பின் அது சாதாரணச் சரக்கு. ஆகவே இலங்கை அந்த அட்டவணையின் கதவைத் தட்டியது. சாசனத்தின் 18ஆவது மாநாடு 2019 மே மாதத்தில் கொழும்பிலேயே நடைபெற இருந்தது. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளால் அது தடைப்பட்டு, ஆகஸ்ட் மாதம் ஜெனீவாவில் கூடியது. அங்கே இலங்கையின் கோரிக்கை ஏற்கப்பட்டது. குள்ள ஓணான்களும் கொம்பு ஓணான்களில் மூன்று இனங்களும் முதலாம் அட்டவணையில் சேர்ந்தன; ஏனைய இரு கொம்பு ஓணான்களும் திமில்மூக்கு ஓணானும் இரண்டாம் அட்டவணையில், காட்டில் பிடித்தவற்றுக்கு ஏற்றுமதி ஒதுக்கீடு பூச்சியம் என்ற நிபந்தனையுடன் சேர்ந்தன. வன்னியிலும் மன்னாரிலும் புத்தளத்திலும் நமக்குப் பழக்கமான நட்சத்திர ஆமையும் அதே மாநாட்டில்தான் முதலாம் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது.

ஒரு சிறிய நாடு, தன் மலையிலுள்ள விரலளவு ஓணானைக் காக்க உலகமன்றம் வரை போகவேண்டி வந்தது. அந்த ஓணானை வாங்கியவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்லர். என் பெறாமகனைப் போல ஆசைப்பட்டவர்களே. 'மற்றவரிடம் இல்லாதது என்னிடம் இருக்கவேண்டும்' என்ற சிறிய ஆசைகள் பல சேர்ந்தே ஒரு மலைச்சரிவை வெறுமையாக்குகின்றன.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஊர்வன வளர்ப்பாளர் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். பச்சோந்தி எப்படி நீர் குடிக்கிறது, முட்டைக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பன போன்ற அறிவில் பெரும் பங்கு, பொறுமையான வளர்ப்பாளர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்தே கிடைத்தது. வளர்ப்பில் பிறந்தவை தாராளமாகக் கிடைத்தால் காட்டில் பிடிப்பதற்கு ஊக்கம் குறையும் என்பதும் பொய்யல்ல. யேமனுக்கும் தென்மேற்குச் சவுதி அரேபியாவுக்கும் உரிய, தலையில் உயர்ந்த கொண்டையுள்ள பச்சோந்தி, பல தலைமுறைகளாக வளர்ப்பிலேயே பெருகி வருகிறது. வளர்த்தே தீருவேன் என்பவர் அதிலிருந்து தொடங்கலாம். அதுவும் எளிதல்ல, ஆனால் கேட்டறிய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சில ஆண்டுகள் அதை நோயின்றிக் காத்தவர், பிறகு அரிய இனத்தை நினைக்கட்டும். அப்போதும் 'வளர்ப்பில் பிறந்தது' என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், தாய் தகப்பன் எங்கிருந்து வந்தன என்பதற்குப் பத்திரம் கேட்கட்டும். மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடட்டும்.

நம் பச்சோந்தி பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையில் அதை உரிய அனுமதியின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. தமிழகத்தில் வெளிநாட்டுப் பச்சோந்தி வைத்திருப்பவர்கள், சைட்டிஸ் அட்டவணைப் பிராணிகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற 2024ஆம் ஆண்டு விதிகளை அறிந்திருப்பது நல்லது.

மாங்குளத்துக்குத் திரும்புகிறேன். நான் சிறுவனாகத் திரிந்த அந்தச் சந்தி, பிறகு உலகச் செய்திகளில் அடிபட்டது. 1990 நவம்பரில் அங்கிருந்த படைமுகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 1998இல் இராணுவம் கைப்பற்றியது. 1999 நவம்பரில் மீண்டும் புலிகள். 2008 நவம்பரில் மீண்டும் இராணுவம். செய்தி அறையில் இருந்து அந்த ஊரின் பெயரை நான்கு தடவை தலைப்பில் எழுதியிருக்கிறேன். கை மாறிய ஒவ்வொரு தடவையும் மக்கள் மூட்டையோடு நடந்தார்கள். காட்டு விளிம்புகளில் மிதிவெடிகள் எஞ்சின. அந்த ஆண்டுகளில் பச்சோந்தியைப் பற்றி எழுதியிருந்தால் என்னைப் பைத்தியம் என்றிருப்பார்கள், அது நியாயமும்கூட.

2014இல் யாழ்ப்பாணம் வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியபின், ஒரு தை மாதத்தில் மாங்குளத்தில் இறங்கினேன். எங்கள் பழைய குடியிருப்பு இருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது. முல்லைத்தீவு வீதியால் நண்பர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, எதிரே வந்த இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்று நடுவீதியில் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, ஒரு தடியை முறித்து, குனிந்தார். அரை வீதியைக் கடந்திருந்த பச்சோந்தி ஒன்று, ஒரு காலைத் தூக்கி வைப்பதா வேண்டாமா என்று ஆடிக்கொண்டு நின்றது. அவர் அதைத் தடியில் ஏற்றி, அது போக இருந்த பக்கத்துப் பற்றையிலேயே விட்டார்.

"உதைப் பிடிச்சு வளர்க்கிறவையோ இஞ்ச?" என்று சும்மா கேட்டேன்.

"என்னத்துக்கு ஐயா? உது சட்டியில தண்ணி வைச்சாலும் குடியாது. இலையில விழுற பனியைத்தான் நக்கும். தன்ர பாட்டில போகட்டும்" என்றார். உழவு இயந்திரம் போய்விட்டது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரும் மாங்குளத்தில் இதை அறிந்தவர்கள் இருந்திருப்பார்கள். நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது பச்சோந்தி. அதைப் பற்றிய அறிவல்ல.

இவ்வளவையும் பெறாமகனுக்கு எழுதி அனுப்பினேன். பத்து நாளாகப் பதில் இல்லை. கோபித்துக்கொண்டான் போலும் என்று நினைத்தேன். நேற்று இரண்டு வரியில் ஒரு மடல் வந்தது.

"பார்சன் பச்சோந்தியை விட்டுவிட்டேன், பெரியப்பா. அந்தக் காசுக்கு விமானச்சீட்டு எடுக்கலாம் போலிருக்கிறது; மாங்குளத்துக்கு எந்த மாதம் வந்தால் காணலாம்?"

மாரி மழை முடிந்து காடு பச்சை கட்டி நிற்கும் தை மாதத்தில் வா என்று எழுதியிருக்கிறேன். காணலாம் என்று உறுதி கொடுக்கவில்லை.